முன்னும் பின்னும் ஒரு நகல்

மார்ச் 3

வாண்டு,

உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், நான் நலமாக இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு வரியை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. போன் கூடாது, மெசேஜ் கூடாது, ஈமெயில் கூடாது. காகிதத்தில்தான் எழுத வேண்டும். உறையில் உன் பெயர் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா பெயருக்குத்தான் அனுப்ப வேண்டும். உன் புருஷன், அந்த எஞ்சினியர், வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் உன்னைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தட்டக் கூடாது. இத்தனை சட்டம் எந்த நாட்டு அரசாங்கமும் போட்டதில்லை. ஆனாலும் சரி, அத்தனைக்கும் கட்டுப்படுகிறேன். நீ பொடிசைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறி இன்றோடு நாற்பத்தொரு நாள். உயிரோடு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ என்னைக் குறைத்து எடை போடுகிறாய். இந்த வட்டாரத்தில் என்னைவிட ஜாக்கிரதையான ஆள் கிடையாது. கேமராவின் கண்ணில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். என் பாஸ்வேர்டு இருபத்தேழு எழுத்து, நடுவில் இரண்டு ஆச்சரியக்குறி. அதை நானே அடித்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். வைரஸ் என் மெஷின் வரைக்கும் வந்தால் மணியடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

போன வாரம் ஒரு பயல் போன் செய்தான். "சார், உங்க கம்ப்யூட்டர்ல ப்ராப்ளம் இருக்கு, நாங்க இங்கேர்ந்தே சரி பண்ணித் தர்றோம்" என்றான். "எந்தக் கம்ப்யூட்டர்ப்பா? என்கிட்ட பதினாலு இருக்கு" என்றேன். ஒவ்வொன்றாக ஆன் செய்யச் சொன்னான். ஒவ்வொன்றும் சூடாக அரை மணி நேரம் ஆகும் என்றேன். கடைசியில் அவனே களைத்துப்போய், தன் கல்யாணத்துக்கு என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தான்.

உன் கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டேன். கோர்ட்டுக்கு எதிரே முப்பத்திரண்டு வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தியவன் நான். கைக்கு வந்த காகிதத்தை நகல் எடுக்காமல் அலமாரியில் வைப்பது எனக்குக் குழந்தையைக் குளிப்பாட்டாமல் படுக்க வைப்பது மாதிரி. முன்பக்கம், பின்பக்கம், உறை எல்லாம் ஆயிற்று. வீடு தீப்பிடித்தாலும் உன் எழுத்து இருக்கும்.

பொடிசு என்ன செய்கிறாள்? பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயா? விவரமாக எழுது. எனக்கு யார் இருக்கிறார்கள்?

மாமா


மார்ச் 19

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. மேஸ்திரியம்மா துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கழிவறையில் நின்று படித்தேன். பதினான்கு கம்ப்யூட்டரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

இங்கே எனக்குப் படுக்கை விரிப்புகள் பிரிவு. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு மடிக்கிறேன். ஈரத்தில் விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கிருந்து யாரும் பார்க்க முடியாது.

உங்களுக்குச் சட்டமெல்லாம் வேடிக்கையாக இருக்கும். ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். அவர் என்னை அடித்தது மூன்று தடவைதான். அதை ஒருவேளை தாங்கியிருப்பேன். மற்ற எல்லா நாளும், எனக்கு வரும் மெசேஜை எனக்கு முன்னால் படித்துவிட்டிருந்தார். நான் கடைக்குப் போய் வந்தால் எந்தக் கடையில் எத்தனை நிமிஷம் நின்றேன் என்று சொல்வார். சத்தம் போட மாட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். ஒரு கட்டத்தில் மனதுக்குள் நினைக்கவே பயந்தேன்.

காகிதத்தை அப்படிப் படிக்க முடியாது. அதனால்தான் காகிதம்.

பொடிசைச் சேர்த்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், சிவப்பு கேட். இரண்டு வாரமாக யாரோடும் பேசவில்லையாம். நேற்று ஒரு பெண்ணோடு சண்டை போட்டாளாம். டீச்சர் புகார் சொன்னார், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இதை எழுதியிருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது. ஆனால் நீங்கள்தானே கேட்டீர்கள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் மாமா.


ஏப்ரல் 6

வாண்டு,

சண்டை போட்டாளா? நம் வம்சம்! உன் அம்மா, என் அக்கா, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரையே கடித்தவள். கை என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் காது. நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்றரை வயது.

இங்கே நூலகத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். பாடம் நடத்த வந்தவர், ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் போடாதீர்கள், பிறந்த தேதியைப் போடாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். "இதெல்லாம் எனக்குப் பால்குடி மறக்கும்போதே தெரியுங்க" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் நாள் முழுக்க நான்தான் நடத்தினேன் என்று வைத்துக்கொள். கடைசி அரை மணி நேரம் அக்கவுண்ட் பற்றி ஏதோ சொன்னார், வேறு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பது எப்படி என்று. அந்த நேரம் எனக்குப் பல் வலி, எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம், பயப்படாதே. எஞ்சினியர் வந்திருந்தான். நீ போன புதிதில் ஒரு தடவை வந்தான், அதற்குப் பிறகு இப்போதுதான். அன்றைக்கு மூலைமூலையாகத் தேடினான். இந்தத் தடவை அப்படி இல்லை. செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"நான் வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா மாமா?"

"குதிரை மாதிரி ஓடுது."

"ஸ்கேனரை மாட்டிக் குடுத்தேனே, அதுவும் வேலை செய்யுதா?"

"அது இல்லாட்டி நான் ஏது மாப்பிள்ளை?"

அவ்வளவுதான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பத்துப் பொய் தயாராக வைத்திருந்தேன், ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. திருந்திவிட்டான் போலிருக்கிறது. மனசு விட்டுப்போய்விட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆள் முகத்தைப் படிப்பதில் நான் மன்னன் என்று உனக்குத் தெரியுமே.

மாமா


ஏப்ரல் 28

மாமா,

அவர் வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம். சிவப்பு கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கையில் பொடிசுக்கு ஒரு பொம்மை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் வந்துகொண்டிருந்ததால் முதலில் நான் பார்த்தேன். அது என் அதிர்ஷ்டம். வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பின்வாசல் வழியாக அவளை வெளியே எடுத்தேன். அறைக்குத் திரும்பவில்லை. மேஸ்திரியம்மா தன் தங்கை இருக்கும் ஊருக்கு அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் உடுத்தியிருந்த துணி மட்டும்தான்.

போலீஸில் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, மேஸ்திரியம்மாவுக்கு, உங்களுக்கு.

யாரிடம் சொன்னீர்கள்?

உறையின் பின்னால் இருப்பது தங்கையம்மாவின் விலாசம். பதில் எழுதுங்கள்.


மே 9

வாண்டு,

உன் அம்மா மேல் ஆணை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். யார் யாரிடம் என்ன சொன்னேன் என்று பட்டியலே போட்டுவிட்டேன். முடி வெட்டுகிறவனிடம் நீ கப்பலில் நர்ஸாக இருக்கிறாய் என்று சொன்னேன். எதிர்வீட்டு டெய்லரிடம், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகமே உன் பொறுப்பில் இருக்கிறது என்றேன். மருந்துக்கடைக்காரரிடம் நீ ஒரு ராணியின் குழந்தைக்குப் பாட்டு சொல்லித் தருகிறாய் என்று சொல்லிவிட்டேன், அவர் எந்த ராணி என்று கேட்டார், அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றேன். பொய்தான் சொன்னேன் வாண்டு. எல்லாரிடமும் பொய்தான் சொன்னேன். உண்மையை ஒருவருக்கும் தரவில்லை.

தபால்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்து நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துவிட்டேன். "என்னங்க, பெரிய மனுஷன் பண்ற காரியமா இது?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக எனக்குத் தபால் தந்தவர்.

உன் கடிதங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. சாவி என் இடுப்பில். எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. கம்ப்யூட்டரில் உன்னைப் பற்றி ஒரு எழுத்துகூட நான் தட்டவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்னைச் சந்தேகப்பட்டால் நான் எங்கே போவேன்?

மாமா


மே 20

மாமாவுக்கு,

சரி. கோபம் ஆறிவிட்டது. விட்டுவிடுங்கள்.

இங்கே புது வேலை கிடைத்துவிட்டது. பொடிசை நகராட்சி நீச்சல் குளத்தில் வகுப்புக்குச் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு. நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஜூன் 2

மாமா,

நீச்சல் வகுப்பு என்று எதுவும் இல்லை. பொடிசுக்குத் தண்ணீர் என்றாலே பயம், உங்களுக்கு அது மறந்துவிட்டது.

அந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் எழுதியது. மேஸ்திரியம்மாவின் தங்கைக்குக்கூட அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நானே ஒட்டினேன், நானே தபால்பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வரக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவன் வந்தான். குளத்தின் கதவுக்குப் பக்கத்தில் நின்று தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் நின்றான்.

நீங்கள் காசுக்காகச் செய்திருக்க மாட்டீர்கள். என்னைக் கெடுக்க வேண்டும் என்றும் நினைத்திருக்க மாட்டீர்கள். உங்களால் ஒரு விஷயத்தை வாயில் வைத்திருக்க முடியாது. அவ்வளவுதான். பெரிய ஆள் ஆக வேண்டும். அதற்கு யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். அவன் நன்றாகக் கேட்பான், எனக்குத் தெரியும்.

அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.


ஜூன் 11

வாண்டு,

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இதை மட்டும் நம்பு.

உன் கடிதத்தைப் படித்ததும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு மாடியில் இருக்கிற ரிப்பேர்க்காரம்மாவிடம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் அவன் கை பட்ட பொருள் அது ஒன்றுதான் இருந்தது. ஏதாவது ஒட்டுக்கேட்கிற கருவி வைத்திருப்பான், திருகைக் கழற்றினால் கீழே விழும் என்று நினைத்தேன்.

அந்தம்மா திருகைக் கழற்றவே இல்லை. நெட்டில் போட்டு, திரையில் எதையோ திறந்து பார்த்தார்.

"ஐயா, இந்த அக்கவுண்ட்ல ரெண்டு மெஷின் இருக்கு. மேல இருக்கிறது இது. கீழ இருக்கே, அது யாரோடது?"

"என்கிட்ட ஒண்ணுதாம்மா இருக்கு."

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அதுல திறந்து பாத்திருக்காங்களே."

"யாரு?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்குறேன். அக்கவுண்ட் யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"எங்க மாப்பிள்ளை. அவர் எஞ்சினியர். அவரே வாங்கிட்டு வந்து, உக்காந்து, எல்லாம் போட்டுக் குடுத்தாரு."

"பாஸ்வேர்டு மறந்துட்டா இந்த நம்பருக்குத்தான் போகும்னு இருக்கு. இது உங்க நம்பரா?"

அவன் நம்பர்.

"நான் இருபத்தேழு எழுத்து போட்டிருக்கேன்மா" என்றேன்.

"நூறு எழுத்து போட்டாலும் ஒண்ணுதான் ஐயா. உள்ளயே உக்காந்திருக்கிற ஆளுக்குக் கதவு எதுக்கு?"

பிறகு ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். உன் கையெழுத்து. முன்பக்கம். பின்பக்கம். உறை, முன்பக்கம். உறை, பின்பக்கம், அதில் விலாசம், தபால் முத்திரை. வரிசையாக, தேதி போட்டு, நான் அடுக்கினபடியே. சனிக்கிழமை காலை பத்து மணியும் அதில் இருந்தது.

நான் எதையும் தட்டவில்லை வாண்டு. நகல்தான் எடுத்தேன். கடையில் இருந்த மெஷின் போன பிறகு அவன் மாட்டிக் கொடுத்த ஸ்கேனரில் எடுத்தேன். எனக்கு அது ஜெராக்ஸ் மெஷின். கம்ப்யூட்டர் வேறு, நகல் வேறு என்றுதான் என் புத்தியில் இருந்தது. அதில் வைக்கிற ஒவ்வொரு காகிதமும் அந்த ஃபோல்டரில் விழுமாம். அதில் விழுவதெல்லாம் அந்த நிமிஷமே அவன் வீட்டில் தெரியுமாம். நீ காகிதத்தை நம்பினாய். அந்தக் காகிதத்தை நான் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியில் நேராக வைத்து, மடிப்பை நீவிவிட்டு, அவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஏன் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறது. நான் முகத்தைப் படித்து எழுதினேனே, அதை நினைத்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அங்கேயே அதைத் தூக்கிப் போட்டு உடைக்கப் போனேன். அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "உடைச்சீங்கன்னா அவருக்கு விஷயம் தெரிஞ்சிடும். அந்தப் பொண்ணு இப்ப இருக்கிற இடமும் அவருக்குத் தெரியும். முதல்ல அந்தப் பொண்ணையே கேளுங்க, என்ன செய்யணும்னு" என்றார். அதனால் எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். உன் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதத்தை நகல் எடுக்கவில்லை. இதையும் எடுக்கவில்லை. என் ஆயுளில் நகல் எடுக்காமல் அனுப்புகிற முதல் காகிதம் இது.

அவனை உனக்குப் பார்த்து வைத்ததும் நான்தான். எஞ்சினியர் மாப்பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். கம்ப்யூட்டர் வந்த அன்று பத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்.

மாமா


ஜூன் 24

மாமா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கினேன். முதல் இரண்டில் திட்டியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொல்லவில்லை என்று தெரிந்தது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. நீங்கள் சொல்லியிருந்தால்கூடச் சுலபம். வாயை மூடுங்கள் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் பத்திரமாக வைக்கிறேன் என்று நினைத்துச் செய்ததுதான் எனக்கு எமனாக வந்தது.

இங்கே பெண்களுக்காக ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கே இருக்கிற அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்கு வேறு ஊரில் இடம் தருகிறார்கள். எங்கே என்று எனக்கே வண்டியில் ஏறிய பிறகுதான் சொல்வார்களாம். அவனுக்குத் தெரிந்த யாரோடும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கடிதமும் கூடாது. "என் மாமாவுக்கு மட்டும்" என்று கேட்டேன். "உங்க மாமா ரொம்ப நல்லவரா இருக்கலாம்மா. அவரு வீட்டு வாசப்படி அவனுக்குத் தெரியும்ல" என்றார்.

எத்தனை வருஷம் என்று கேட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

கிளம்ப எங்களுக்கு மூன்று வாரம் வேண்டும். அந்த மூன்று வாரம் அவன் இந்தப் பக்கம் வரக் கூடாது. நான் எழுதியது மாதிரி ஒரு கடிதம் அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். ரயில் பாதை முடிகிற அந்தக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டேன் என்று. அது என் கையெழுத்தாக இருக்க வேண்டும், அவனுக்கு என் எழுத்து தெரியும். நான் எழுதி அனுப்பினால் இந்த ஊர் முத்திரை உறையில் இருக்கும், அவன் உறையையும் பார்க்கிறவன். நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

அளந்துவிடாதீர்கள் மாமா. நான் எழுதுவது மாதிரி சின்னதாக இருக்கட்டும். ராணி, கப்பல் எதுவும் வேண்டாம்.

அவன் போன பிறகு அந்தம்மாவை வைத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். புது அக்கவுண்ட், உங்கள் நம்பர். அவன் மெஷினை வெளியே தள்ளுங்கள். பிறகு என் கடிதங்களை எரித்துவிடுங்கள். மேஸ்திரியம்மாவும் தங்கையம்மாவும் அதில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதுவும் வரக் கூடாது. அலமாரியில் இருப்பதையும்தான்.

ஜூலை பதினைந்துக்குள் ஒரு பதில் எழுதலாம். இந்த விலாசத்துக்கே. அதற்குப் பிறகு இங்கே நாங்கள் இருக்க மாட்டோம்.

பொடிசு உங்களைக் கேட்கிறாள். மாமாத் தாத்தா வேலையாக இருக்கிறார் என்று சொல்கிறேன்.


ஜூலை 10

வாண்டு,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். அவன் ஐந்தாம் தேதி ரயில் ஏறிவிட்டான். ஆபீஸில் பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறான். அங்கே வேலை செய்கிற பையனின் அப்பா என் பழைய வாடிக்கைக்காரர், அவரிடமிருந்து தெரிந்தது. நான் எதையும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் கையெழுத்தை என்னால் போட முடியாது. நாற்பது காகிதம் போட்டுப் பார்த்தேன், என் கொழுத்த எழுத்துதான் வந்தது. கடைசியில் என் தொழிலுக்குப் போனேன். உன் கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகக் கத்தரித்தேன். வெள்ளைக் காகிதத்தில் ஒட்டினேன். விளிம்பில் வெள்ளை மை தடவி, ஒரு தடவை நகல் எடுத்தால் ஒட்டு தெரியாது. அந்த ஒரு நகலை மட்டும் வெளியே ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன். அந்த நகலைத்தான் ஸ்கேனரில் வைத்தேன். இந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஒரு நாளும் தப்புக்குச் செய்ததில்லை. இது கூட்டிச் சொல்வது இல்லை.

அதில் ஒரு கஷ்டம். நீ எழுதாத வார்த்தையை நான் எழுத முடியாது. அலை என்ற வார்த்தை உன்னிடம் இல்லை. ரயிலைக் கடைசிக் கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டேன், ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சேர்த்தேன். பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான், இரண்டு நாள் உட்கார்ந்து ஏழு வரி எழுதினேன். "இங்கே புது வேலை கிடைத்துவிட்டது. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால்" என்று போய், அங்கே ஊர்ப் பெயர், அப்புறம் "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் மாமா". அவ்வளவுதான். ராணி இல்லை. உன்னை மாதிரியே இருந்தது. படித்துப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் எனக்கே நீ எழுதியது போல இருந்தது. உறையை மட்டும் ஸ்கேன் செய்யவில்லை. உறை மழையில் நனைந்துவிட்டது என்று கடிதத்தின் ஓரத்தில் நானே பேனாவால் குறித்து வைத்தேன். அவன் நம்பிவிட்டான்.

ஆறாம் தேதி அந்தம்மா வீட்டுக்கே வந்தார். நாலு மணி நேரம் ஆனது. அவன் மெஷினை வெளியே தள்ளினோம். அந்த அக்கவுண்டையே மூடிவிட்டு, என் நம்பரில் புதிதாக ஒன்று போட்டோம். யாராவது உள்ளே வரப் பார்த்தால் என் போனுக்குச் செய்தி வரும். பாஸ்வேர்டு என்ன என்று அந்தம்மாகூடக் கேட்கவில்லை, திரும்பி நின்றுகொண்டார். இப்படித்தான் திரும்பி நிற்க வேண்டும் போலிருக்கிறது. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த அன்றைக்கு அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "சொல்லுங்க மாமா, நானே அடிக்கிறேன்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நேற்று கொல்லைப்புறத்தில் உன் கடிதங்களை எரித்தேன். உறைகளை முதலில். கத்தரித்தது போக மிச்சமிருந்த துண்டுகளை ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொட்டும்போது ஒன்றில் "கோபம்" என்று இருந்தது. "இல்லை" நிறைய இருந்தது, நீ அதை அடிக்கடி எழுதுவாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் கையெழுத்திலேயே இருந்தது. நன்றாகவே பொருந்தியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரித்து, தனித்தனியாகப் போட்டேன். அவனை ஏமாற்றுவதற்குத்தானே நீ எனக்கு அனுமதி தந்தாய்.

இப்போது வீட்டில் உன் எழுத்து ஒன்றும் இல்லை. நகலும் இல்லை.

நான் செய்ததற்கு நீ போகிற இடம் எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் சரி. அந்த அக்கா சொன்னது நியாயம். அவன் திரும்பி வந்து என்னை உட்கார வைத்துக் கேட்பான். கேட்கட்டும். பொடிசு பெரியவளான பிறகு எப்போதாவது கேட்டால், மாமாத் தாத்தா வேலையாக இருக்கிறார் என்று சொல்லாதே. நடந்ததைச் சொல்லிவிடு.

இன்று காலை எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "என்னண்ணே, அக்கா பொண்ணு எப்படி இருக்கா? இன்னும் அந்தப் பல்கலைக்கழகத்துலதானா?"

"தெரியலைப்பா" என்றேன்.

"எந்த நாட்டுல இருக்குன்னாச்சும் சொல்லுங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா."

டெய்லர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"போங்கண்ணே, சும்மா கதை விடாதீங்க. உங்களுக்கா தெரியாது?"

மாமா